36 அடி மோட்டார்ஹோமுக்குப் பக்கக் கேமராவும் பின் கேமராவும்: செய்ததும் திருத்தியதும்

கேள்வி, 4 மார்ச் 2023

பழைய கிளாஸ் ஏ மோட்டார்ஹோம் (பேருந்து வடிவில், உள்ளே வீடு போல இருக்கும் வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம், 36 அடி. பின்னால் ஒரு கேமரா இருக்கிறது. படம் பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நல்லதாக ஒன்று போட்டால் போதும், பக்கத்துக்குக் கண்ணாடியே போதும் என்று நினைக்கிறேன். வயர்லெஸ் போடலாமா? ஃபைபர் சுவரில் ஓட்டை போட மனசு வரவில்லை.

பதில், 4 மார்ச் 2023, இரவு

பக்கத்துக்குக் கண்ணாடி போதும் என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை தம்பி. பின் கேமரா ஒரு நாளில் இரண்டு தடவை உதவும்: காலையில் கிளம்பும்போது, சாயங்காலம் இடத்தில் விடும்போது. பக்கக் கேமரா லேன் மாறும் ஒவ்வொரு தடவையும் உதவும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் பக்கத்துக்கே வாங்குவேன்.

என்னுடையதும் 36 அடிதான். 2011 மாடல், ஃபோர்டு எஃப்-53 சேசிஸ், 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் எஞ்சின். அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். வண்டி வாங்கி மூன்றாவது வாரம், ஒரு பெட்ரோல் பங்க். பம்ப் இடப்பக்கம் இருந்தது. நிரப்பிவிட்டு வலப்பக்கம் ஒடித்து வெளியே வந்தேன். வலது முன் மூலை அங்கே நின்ற காரில் பட்டுவிடக் கூடாதே என்று கண் முழுக்க அந்தப் பக்கம். அதற்குள் வண்டியின் இடது பின் மூலை மஞ்சள் இரும்புத் தூணில் உரசிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, அலமாரிக்குள் தட்டு நகர்ந்த மாதிரி ஒரு கரகரப்பு. இறங்கிப் பார்த்தால் முழங்கை நீளத்துக்கு ஃபைபர் கிழிந்து உள்ளே இருக்கும் மெல்லிய பலகை தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத பார்க்கிங் ஒன்றில் சாக்பீஸால் வண்டியின் பக்கத்தை ஒட்டி நேர்கோடு போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்த்தினேன். என் மனைவி பின்னால் டேப்போடு நின்றாள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 19 அடி. பின் அச்சுக்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டரை அடி தொங்குகிறது. அந்தத் தொங்கும் பகுதி கோட்டைத் தாண்டி வெளியே வீசியது சுமார் 3 அடி. ஒரு ஆள் கையை நீட்டி நிற்கும் இடம் அது. இண்டிகேட்டர் போட்டவுடன் பக்கத்துப் படம் வரும்படி கேமரா இருந்திருந்தால் அந்தத் தூண் தெரிந்திருக்கும்.

5 மார்ச் 2023

வயர்லெஸ் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வேண்டாம். நான் முதலில் போட்டது அதுதான், ஐந்து மாதம் ஓட்டினேன்.

வயர்லெஸ் என்றாலும் கேமராவுக்கு மின்சாரம் வேண்டும், அதற்கு எப்படியும் ஒயர் போகத்தான் வேண்டும். ஓட்டையிலிருந்து தப்ப முடியாது. இரண்டாவது, தாமதம். மணிக்கு 60 மைல் வேகம் என்றால் நொடிக்கு 88 அடி. படம் 0.2 நொடி பிந்தி வந்தால் அதற்குள் நீங்கள் 17 அடி தாண்டிவிட்டீர்கள். ரிவர்ஸில் இது பெரிய விஷயமில்லை, லேன் மாறும்போது எனக்கு இடறியது.

மூன்றாவதுதான் எனக்குப் பயம் தந்தது. பெரும்பாலான வயர்லெஸ் செட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபையும் அங்கேதான் இருக்கிறது. சிக்னல் தடைபட்டால் என் மானிட்டர் கருப்பாகாது, கடைசிப் படத்திலேயே உறைந்து நிற்கும். காலியான லேன் காலியாகவே தெரியும், அங்கே ஒரு லாரி வந்துவிட்ட பிறகும். கருப்பாகிவிட்டால் உடனே கண்ணாடிக்குத் திரும்பிவிடுவோம். உறைந்த படம் நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

ஒயர் போட்டதுதான் போடுங்கள். 20 மீட்டர், அதாவது 65 அடி கேபிள். 36 அடி வண்டிக்கு எதற்கு 65 என்று கேட்பீர்கள். பின் சுவரில் 11 அடி உயரத்திலிருந்து கீழே இறங்கி, முழு நீளமும் வந்து, டாஷ்போர்டுக்கு ஏறி, வளைவுகளுக்கும் விட்டால் எனக்கு மிஞ்சியது நான்கடிதான்.

11 மார்ச் 2023

நேற்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார், லாரி ஓட்டுபவர். "நீங்கள் வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் வலது கேமராதான் வரும். தூணில் பட்டது இடது மூலை. அந்தக் கேமரா உங்களுக்கு என்ன காட்டியிருக்கும்?"

படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். அவர் சொல்வது சரி, நான் மேலே எழுதியது தப்பு. திரும்பும்போது வண்டியின் இரு பக்கமும் இரண்டு வேறு காரியம் செய்கின்றன. உள்பக்கத்தில் பின் சக்கரம் மூலையை வெட்டிக்கொண்டு நடைபாதை மேல் ஏறப் பார்க்கிறது. வெளிப்பக்கத்தில் வால் வீசுகிறது. இண்டிகேட்டர் எப்போதும் உள்பக்கத்தைத்தான் காட்டும்.

அதனால் இரண்டு ஏற்பாடு வேண்டும். நெடுஞ்சாலையில் இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கம் முழுத்திரையில் வர வேண்டும். பங்க், கேம்ப்கிரவுண்ட், குறுகலான தெரு இங்கெல்லாம் திரை பிரிந்து இடம், வலம், பின் மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டும். என் மானிட்டர் 9 அங்குலம், நான்காகப் பிரியும். இவ்வளவு நாள் அந்த வசதியைத் தொட்டதே இல்லை. இப்போது பங்கில் நுழையும் முன்பே பிரித்துவைத்துவிடுகிறேன், இண்டிகேட்டர் போட்டபோது அது முழுத்திரைக்குத் தாவினாலும் ஒரு பட்டனில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். ஏழு அங்குல மானிட்டரில் நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான் இருக்கும், அதை வாங்காதீர்கள்.

அண்ணனுக்கு நன்றி.

12 மார்ச் 2023

தூண்டு ஒயர் பற்றித் தனியாக எழுதுகிறேன், பலர் கேட்டுவிட்டீர்கள்.

மானிட்டருக்குப் பின்னால் சிவப்பு, கருப்பு தவிர மூன்று மெல்லிய ஒயர்கள் இருக்கும். ஒன்றை ரிவர்ஸ் விளக்கோடும் மற்ற இரண்டை இடது, வலது இண்டிகேட்டரோடும் சேர்க்க வேண்டும். 12 வோல்ட் வந்தால் அந்தக் கேமரா திரைக்கு வரும். நான் மூன்றையும் பின்னால் போய் டெயில் லைட்டில் எடுத்தேன், மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறதே என்று.

பிரேக் மிதித்தால் இரண்டு பக்கப் படமும் துள்ளித் துள்ளி வந்தது.

காரணம் கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்று. அமெரிக்க வண்டிகளில் பலவற்றில் பின்னால் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்ப், ஒரே ஒயர். பிரேக் மிதித்தாலே மானிட்டர் அதை இண்டிகேட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. இண்டிகேட்டர் தூண்டுதலை முன்னால் எடுங்கள், ஹெட்லைட் பக்கத்து மஞ்சள் விளக்கின் ஒயரில். அங்கே பிரேக் கலக்காது, மானிட்டருக்கும் பக்கம். ரிவர்ஸ் மட்டும் பின்னாலிருந்து வரட்டும்.

அதோடு முடியவில்லை. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னும். ஒவ்வொரு மின்னலுக்கும் படம் வந்து வந்து போனால் கண் கூசும். மானிட்டர் மெனுவில் தாமதம் என்று ஒரு அமைப்பு இருக்கும், சிலவற்றில் நொடிக் கணக்கு மட்டும் போட்டிருக்கும். அதை 2 நொடிக்கு வையுங்கள். விளக்கு அணைந்தாலும் படம் நிற்கும். வாங்கும் முன்பே இந்த அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பிக்சல் எவ்வளவு என்று பார்ப்பதைவிட இது முக்கியம்.

ஹசார்டு விளக்கு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தூண்டும், எது ஜெயிக்கும் என்பது மானிட்டருக்கு மானிட்டர் வேறு. ரிவர்ஸுக்கு முதலிடம் கொடுத்துவிடுங்கள்.

13 மார்ச் 2023

இன்னொரு திருத்தம். எஞ்சின் ஓடும்போது திரையில் குறுக்குக் கோடுகள் மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்று ஒருவர் படம் போட்டிருந்தார். எனக்கும் இருந்தது. பின் கேமராவுக்கு மின்சாரத்தை வீட்டு பேட்டரி (வண்டிக்குள் இருக்கும் வீட்டுப் பகுதிக்கான பேட்டரி) லைனிலிருந்து எடுத்திருந்தேன், மானிட்டருக்கு வண்டி பேட்டரியிலிருந்து. இரண்டுக்கும் எர்த் வேறு வேறு இடத்தில். ஆல்டர்னேட்டரின் மின் இரைச்சல் அந்த வழியாகப் படத்துக்குள் புகுந்துவிடுகிறது. இப்போது எல்லாம் ஒரே ஃபியூஸ், ஒரே எர்த், இக்னிஷன் போட்டால் வரும் லைன். கேமராக்களுக்கு மானிட்டரிலிருந்தே கேபிள் வழியாக மின்சாரம் போகிறது. கோடு போய்விட்டது.

19 மார்ச் 2023

தம்பி, ஓட்டைக்கு வருவோம்.

உங்கள் பயம் நியாயமானது. கேமராவைவிட சுவர்தான் விலை அதிகம். வெளியே ஃபைபர், உள்ளே மெல்லிய பலகை, நடுவில் நுரை, மூன்றும் பசையால் ஒட்டியது. சொட்டு நீர் உள்ளே போய்த் தங்கினால் பசை விட்டுப்போய் சுவர் அப்பளம் மாதிரி உப்பும். அதைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் டாலர்.

பின்பக்கத்துக்கு ஓட்டையே போட வேண்டாம். பழைய கேமரா இருந்த இடத்தில் அதன் ஓட்டை இருக்கிறது. கேமரா இல்லாத வண்டியிலும் மேல் விளிம்பில் சிவப்பு அடையாள விளக்குகள் இருக்கும். அதில் ஒன்றைக் கழற்றி அதே ஓட்டையில் பொருந்தும் விளக்கும் கேமராவும் சேர்ந்த வகை கிடைக்கிறது.

பக்கத்துக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறித்துக்கொள்ளுங்கள். டிரில்லை முதலில் தலைகீழாகச் சுற்றவிட்டு மேல்பூச்சைத் தேயுங்கள், அப்புறம் நேராகத் திருப்புங்கள். பூச்சு சில்லாகத் தெறிக்காது. ஓட்டை உள்நோக்கி மேலே ஏறுமாறு சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல். நான்கு முனை கனெக்டர் நுழைய எனக்கு முக்கால் அங்குலம் தேவைப்பட்டது. ரப்பர் வளையம் போட்டு கேபிளை விடுங்கள். வெளியே கேபிள் ஒரு சிறு தொங்கலாக இறங்கி அப்புறம் ஓட்டைக்குள் ஏறட்டும், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். கேமரா அடியில் பியூட்டில் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் பட்டை), ஸ்குரூவை முடுக்கினால் ஓரத்தில் பிதுங்கி வரும், அந்தப் பிதுங்கலைக் கத்தியால் வெட்டிவிட்டு மேல்விளிம்பிலும் இரு பக்கத்திலும் சீலன்ட். கீழ்விளிம்பை மூடாதீர்கள், எங்காவது தண்ணீர் நுழைந்தால் வெளியேற வழி வேண்டும்.

சிலிகான் போடலாமா என்று கேட்ட அக்காவுக்கு: வேண்டாம் அக்கா. அது ஒரு தடவை ஒட்டினால் பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது, சிலிகான்கூட. ஆர்வி (மோட்டார்ஹோம்) கடைகளில் டைகோர் என்ற சீலன்ட் கிடைக்கும். அதில் தானாகப் பரவும் வகை கூரைக்கு. சுவருக்கு வழியாத வகை கேட்டு வாங்குங்கள்.

20 மார்ச் 2023

இதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். என் வண்டியின் வலப்பக்கத்தில் உபயோகமில்லாத ஓர் ஓட்டை அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது. கேமராவைக் கூரைக்கு ஒரு சாண் கீழே வைத்தேன், உயரத்திலிருந்து பார்த்தால் லேன் நன்றாகத் தெரியும் என்று. தெரிந்தது. கூடவே வெயில்மறைப்பின் (பக்கச் சுவரிலிருந்து விரியும் துணிக்கூரை) கை படத்தில் மூன்றில் ஒரு பங்கை மறைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு கார் முழுதாக ஒளிந்துகொள்ளும். வண்டி நிற்கும்போது யாரும் கவனிக்காத கம்பி அது.

கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, ஆறடி உயரத்துக்கு இறக்கினேன். இப்போது சுவரின் ஓரம் படத்தின் ஒரு விளிம்பில் மெல்லிய பட்டையாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் சாலை. அந்தப் பட்டை தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எது எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

ஓட்டை போடும் முன் கேமராவை டேப்பால் ஒட்டி, கேபிளை ஜன்னல் வழியாக விட்டு, பகலில் ஒரு தடவை, இருட்டியதும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இருட்டில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து படத்தை வெளுத்துவிடும். நான் சுவர்ப் பக்கம் இருந்த இரண்டு விளக்குகளின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பைக் கடுகளவு வெட்டி ஒட்டியிருக்கிறேன். இரண்டு வருஷமாக அப்படியே இருக்கிறது.

லென்ஸின் கோணமும் கவனிக்கணும். பின்பக்கத்துக்கு 120, 130 டிகிரி சரி. பக்கத்துக்கு அவ்வளவு விரிந்தால் பின்னால் வரும் கார் பொம்மைக் கார் மாதிரி தூரத்தில் தெரியும், உண்மையில் உங்கள் பம்பர் பக்கம் இருக்கும். 90க்குள் வாங்குங்கள்.

26 மார்ச் 2023

இடம் வலம் மாறித் தெரிகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பின்னோக்கிப் பார்க்கும் கேமரா கண்ணாடியைப் போலத் திருப்பிக் காட்ட வேண்டும். கேமராவும் திருப்பி, மானிட்டரும் திருப்பினால் மறுபடி பழையபடி ஆகிவிடும். சில கேமராக்களில் கேபிள் வாலில் சின்னதாக ஓர் ஒயர் வளையம் தொங்கும். அதை வெட்டினால் படம் திரும்பும். கையேட்டைப் பார்க்காமல் வெட்டாதீர்கள், சிலதில் அது தூரக் கோடுகளை அணைக்கும் வளையம்.

சோதிக்க ஒரு சிவப்பு வாளியை வண்டியின் இடது பின் மூலையில் வையுங்கள். திரையிலும் இடது ஓரத்தில் வர வேண்டும். பக்கக் கேமராவுக்கு வேறு மாதிரி: இடது கேமராவில் சுவர்ப் பட்டை திரையின் வலது ஓரத்தில் வர வேண்டும், இடது கண்ணாடியில் தெரிவது போலவே. வலது கேமராவில் நேர்மாறு. நான் நிறம் பார்த்துச் சொல்ல வாளி வைத்தேன், என் மகள் அதில் உட்கார்ந்துகொண்டு கையாட்டினாள். அந்தப் படம் இன்னும் ஃபோனில் இருக்கிறது.

2 ஏப்ரல் 2023

"கேமரா கட்டாயம் என்று சட்டம் இருக்கும்போது இந்த வண்டிகளுக்கு ஏன் வராமல் விட்டார்கள்" என்று ஒரு கேள்வி.

அமெரிக்காவில் 2018 மே 1 முதல் செய்யப்படும் புது வண்டிகளுக்குப் பின்காட்சி கட்டாயம், ஆனால் மொத்த எடை 10,000 பவுண்டு வரை உள்ளவற்றுக்கு மட்டும். எங்களுடைய வண்டி இருபதாயிரத்துக்கு மேல். அந்த விதி வண்டிக்குப் பின்னால் 20 அடி நீளம், 10 அடி அகலம் தெரிய வேண்டும், ரிவர்ஸ் போட்ட 2 நொடிக்குள் படம் வர வேண்டும் என்கிறது. நமக்குக் கட்டாயமில்லை என்றாலும் அந்த அளவையே எடுத்துக்கொண்டு, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு என் கேமராவின் சாய்வை வைத்தேன். கட்டத்தின் நான்கு மூலையும் பம்பர் விளிம்பும் தெரிகின்றன.

அந்த விதிக்கு வழி வைத்த சட்டம் 2008இல் கையெழுத்தானது, 2 வயதுக் குழந்தை ஒன்றின் பெயரில். அப்பா ரிவர்ஸ் எடுத்தபோது வீட்டு வாசலிலேயே உயிர் போன குழந்தை அது. இதை எழுதும்போது மனசு கனக்கிறது. கேம்ப்கிரவுண்டில் எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் குறுக்கே போகிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடியையே கழற்றிவிடலாமே என்று கேட்டவருக்கு: கூடாது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கண்ணாடிக்குப் பதில் கேமரா அனுமதி உண்டு, மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ் லாரியில் வந்துவிட்டது. இங்கே சில லாரி அமைப்புகளுக்கு 2019இலிருந்து விலக்கு தந்தார்கள், அவ்வளவுதான். கண்ணாடி இருக்கட்டும், முதலில் அதைச் சரியாகத் திருப்பி வையுங்கள்.

9 ஏப்ரல் 2023

பின்னால் காரைக் கட்டி இழுத்துப் போகும் அக்காவுக்கு. உங்களுக்குப் பின் கேமரா ரிவர்ஸுக்கே பயன்படாது, நான்கு சக்கரமும் தரையில் உருளும் காரோடு ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. உங்களுக்கு அது ஓடும்போதெல்லாம் திரையில் இருக்க வேண்டும். இவ்வளவு கனமான வண்டியில் பின்னால் கார் டயர் வெடித்தால் ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியாது, படத்தில் புகைதான் முதல் செய்தி. காரின் கூரை தெரியும்படி கேமராவைத் தூக்கினால் பம்பர் மறையும். அதனால் இரண்டு லென்ஸ் உள்ள வகை பாருங்கள், ஒன்று கீழே, ஒன்று தூரம்.

28 மே 2023

இன்று எழுத வந்தது வேறு காரணத்துக்கு. டெக்சஸ் மலைப்பகுதியில் ஒரு கேம்ப்கிரவுண்ட். மூன்று கேமராவும் தெளிவு, பின்னால் தரை காலி, இரு பக்கமும் காலி. மெதுவாகத்தான் எடுத்தேன். தலைக்கு மேல் ஒரு சத்தம். ஓக் மரத்தின் தாழ்ந்த கிளை கூரை ஏசியின் மூடியைப் பிளந்துவிட்டது.

கேமரா கீழே பார்க்கிறது. 11 அடிக்கு மேல் என்ன இருக்கிறது என்று அது ஒருபோதும் சொல்லாது. கேமரா வருவதற்கு முன் நான் இறங்கி ஒரு சுற்று நடந்து, மேலே பார்த்து, மனைவியை வாக்கிடாக்கியோடு நிறுத்தி, அப்புறம்தான் எடுப்பேன். படம் நன்றாக வந்ததும் அந்த நடையை விட்டுவிட்டேன். மூடிக்கு ஆன செலவைவிட அதுதான் உறுத்துகிறது. இனி அவள் பின்னால் நிற்காமல் கியர் ரிவர்ஸில் விழாது.

17 ஜூன் 2023

தம்பி, வேலையை ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பார்த்தேன். சந்தோஷம். கேபிளைக் கூரைக்குள் இழுக்கப் பார்த்து அடைத்துக்கொண்டது என்கிறீர்கள். எனக்கும் அதேதான், பழைய கேபிளை உள்ளே எங்கோ ஆணியடித்திருந்தார்கள். விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் கொண்டுபோனேன். நெளிவுக் குழாய்க்குள் போட்டு, சைலன்சர் குழாய் போகாத பக்கத்துச் சட்டத்தோடு, ஒன்றரை அடிக்கு ஒரு கேபிள் டை. கனெக்டர் இணைப்பு அடியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே தண்ணீர் தெறிக்கும்.

நீங்கள் போட்ட படத்தில் வலப்பக்கம் குறி வைத்த இடத்துக்கு நேர் பின்னால் வெயில்மறைப்புக் கை வருவது போல எனக்குத் தெரிகிறது. படம் சாய்வாக இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டிரில்லை எடுக்கும் முன் கேமராவை டேப்பால் ஒட்டி மானிட்டரில் வருவதை ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள். இன்று ராத்திரி விழித்திருப்பேன்.